ஸ்லீப் ஆப்னியா: மருத்துவரை வீடியோவில் பார்ப்பதா, நேரில் பார்ப்பதா?

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது, ஸ்லீப் ஆப்னியா என்னும் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டார் என்றால், அடுத்து என்ன செய்வது என்பதற்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. நேரே தூக்க மருத்துவரிடம் போய், ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிப் பரிசோதித்துக்கொள்ளலாம். வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் பேசிவிட்டு, பரிசோதனைக் கருவியை வீட்டுக்கே வரவழைக்கலாம். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் கட்டணமில்லாமல் ஒரு மருத்துவரைக் கேட்கலாம். பரிசோதனை, ஆலோசனை, மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் தருகிறோம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் ஒப்படைத்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒருமுறையாவது மருத்துவர் நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும். சிபாப் கருவி வீட்டுக்கு வந்த பிறகான மாதங்களுக்கு, நேரில் போவதைவிட வீடியோ ஆலோசனையே மேல். இடையில் இருக்கும் பரிசோதனையை எங்கே செய்வது என்பது ஆளைப் பொறுத்தது. அதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதில்தான் பணமும் வீணாகிறது.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு பெரிய கேள்வி அல்ல. பட்டுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ இருப்பவருக்குத்தான் ஒவ்வொரு நேர்ச் சந்திப்பும் ஒரு நாள் வேலையையும் பஸ் பயணத்தையும் துணைக்கு வரும் இன்னோர் ஆளின் கூலியையும் விழுங்குகிறது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசரும் ஒருவர், மருத்துவமனைக்குத் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போவது ஆபத்து. அந்த ஒரு காரணத்துக்காகவே, முதல் பேச்சு வீட்டிலிருந்தபடி நடப்பதை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

முதல் சந்திப்பு

பட்டுக்கோட்டையில் இருக்கும் என் அத்தானுக்கு முதல் ஆலோசனை வீடியோவில்தான் நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததால் அவர் முகம் திரையில் இருட்டாகத் தெரிந்தது. இடம் மாற்றி உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, அக்கா டார்ச் அடித்தார். கேமரா முன்பற்களைத் தெளிவாகக் காட்டியதே தவிர, உள்நாக்குக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெரியவில்லை. மருத்துவர் அதை விட்டுவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னார். தாடை சற்று உள்ளே தள்ளி இருப்பது உடனே தெரிந்தது. தையல் டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்தோம். ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலில் 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு; அத்தானுக்கு அது கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொன்னார். இவ்வளவும் தொலைவிலிருந்தே முடிந்தது.

முடியாததும் இருந்தது. பிறகு நேரில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் நடுத்தண்டு வளைந்து ஒரு பக்கம் ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது என்றார். எந்த செல்பேசியும் அதைக் காட்டியிருக்காது. இது சிறிய விஷயம் அல்ல. மூக்கு அடைத்திருப்பவருக்கு மூக்கில் மட்டும் மாட்டும் மாஸ்க் கொடுத்தால் சில நாள்களிலேயே கழற்றி வைத்துவிடுவார். பிறகு, ‘எனக்கு மெஷின் ஒத்துவரவில்லை’ என்பார். இதய ஒலி, நுரையீரல் ஒலி, டான்சில் அளவு, தைராய்டு வீக்கம் ஆகியவையும் அப்படித்தான். அதிக உடல் பருமனோடு, விழித்திருக்கும்போதே ஆக்சிஜன் அளவு குறைவாக இருப்பவருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை தேவை. அதற்கு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

வீடியோவில் நேரில் கிடைக்காத ஒரு நன்மையும் கிடைத்தது: அக்கா பேசினார். இந்த நோயில் நோயாளி சாட்சி அல்ல, அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. நம் ஊரில் ஆண்கள் மருத்துவரிடம் தனியாகப் போவார்கள், ‘கொஞ்சம் குறட்டை வரும்’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். மாலை நேரத்து வீட்டு அழைப்பில் மனைவி இருப்பார், மகளும் இருப்பாள். எத்தனை நொடி மூச்சு நிற்கிறது, மூச்சு திரும்பும்போது உடம்பு எப்படித் தூக்கிப்போடுகிறது, சாப்பிட்டு முடித்ததும் எப்படி அப்படியே தூங்கிவிடுகிறார் என்பதெல்லாம் மருத்துவர் காதுக்குப் போகும். செல்பேசியில் பதிவு செய்த இரவுச் சத்தத்தையும் போட்டுக்காட்டலாம். நேரில் போவதாக இருந்தாலும், அருகில் படுப்பவரை அழைத்துக்கொண்டு போங்கள். வர முடியாவிட்டால் அவரைச் சில வரிகள் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இ-சஞ்சீவனியை எந்த இடத்தில் வைப்பது? 2019 நவம்பரில் சுகாதார நிலையத்தை மருத்துவரோடு இணைக்கும் சேவையாகத் தொடங்கி, 2020 ஏப்ரலில் நோயாளிகள் நேரடியாக அழைக்கும் புறநோயாளர் பிரிவும் வந்தது. சந்தேகம் நியாயமானதா, எந்தத் துறைக்குப் போவது என்று தெரிந்துகொள்ள இது போதும். தூக்கப் பரிசோதனையை நடத்திக்கொடுக்கும் சேவை அல்ல. ஆனால் சுகாதார நிலையத்திலிருந்து அழைக்கும்போது, செவிலியர் ஒருவர் நம் பக்கத்தில் இருக்கிறார். ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, எடை எல்லாவற்றையும் அளந்து சொல்கிறார். தனியே செல்பேசியோடு உட்கார்ந்திருப்பதைவிட இது பல படி மேல். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறப் பார்வை மையங்கள் இப்படித்தான் நடக்கின்றன: பயிற்சி பெற்றவர் நோயாளியின் அருகே, மருத்துவர் திரையில். தூக்க மருத்துவத்துக்கும் இதே ஏற்பாடு பரவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இதைப் படிப்பவர்களில் ரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்காதவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அப்படிப்பட்டவர்களிடம் ஆப்னியா அடிக்கடி காணப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவரிடம் குறட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி, எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று கேளுங்கள்.

பரிசோதனை: ஆய்வகமா, சொந்தக் கட்டிலா

ஆய்வகத்தில் தலையில் மூளை அலைக்கான ஒயர்கள், கண்ணோரம், தாடை, கால், நெஞ்சு என எங்கும் ஒட்டுகள், மூக்கில் காற்றோட்டம் அளக்கும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் எல்லாம் இருக்கும். பக்கத்து அறையில் தொழில்நுட்பர் ஒருவர் இரவு முழுவதும் கண்காணிப்பார். வீட்டுக் கருவியில் பெரும்பாலும் மூக்குக் குழாய், மார்புப் பட்டை, விரல் ஆக்சிமீட்டர் அவ்வளவுதான். மூளை அலை கிடையாது. ஆகவே இத்தகைய கருவிக்கு நீங்கள் தூங்குகிறீர்களா, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்களா என்று தெரியாது.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதுதான் ஏஹெச்ஐ. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. ஒருவருக்கு இரவில் 80 தடைகள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கருவி ஏழு மணி நேரம் பதிவு செய்தது, ஆனால் அவர் தூங்கியது ஐந்து மணி நேரம்தான். 80ஐ 7ஆல் வகுத்தால் 11 சொச்சம். லேசானது என்று அறிக்கை வரும். 5ஆல் வகுத்தால் 16, நடுத்தரம். வீட்டுப் பரிசோதனை நோயைக் குறைத்துக் காட்டும் பக்கம்தான் சாயும்.

ஆகவே அதில் ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்பலாம். அறிகுறிகள் பலமாக இருந்தும் ‘இல்லை’ என்று வந்தால், அதோடு நிறுத்தக் கூடாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அத்தகையவரை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. பக்கவாதம் வந்தவர்கள், குறிப்பிடத்தக்க இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், தசை பலவீன நோய் உள்ளவர்கள், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து தொடர்ந்து எடுப்பவர்கள், கடும் தூக்கமின்மை உள்ளவர்கள் ஆகியோருக்கு வீட்டுப் பரிசோதனை வேண்டாம், நேரே ஆய்வகம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். குழந்தைகளுக்கும் வீட்டுக் கருவி வேண்டாம். அவர்களுக்கு டான்சில், அடினாய்டு பெருத்திருக்கிறதா என்று முதலில் நேரில் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, அதாவது நடுத்தர வயது, பலமான குறட்டை, மூச்சு நிற்பதைக் கண்ணால் பார்த்த சாட்சி, பகல் தூக்கம், வேறு பெரிய நோய் இல்லை என்னும் நிலைக்கு, வீட்டுப் பரிசோதனையே சரியான தேர்வு. புது இடம், புதுக் கட்டில், உடம்பெல்லாம் ஒயர் என்னும் நிலையில் பலருக்கு ஆய்வகத்தில் தூக்கமே வருவதில்லை. தடைகளின் எண்ணிக்கை இரவுக்கு இரவு மாறவும் செய்யும். வீட்டில் இரண்டாம் இரவும் பதிவு செய்வது எளிது. செலவும் குறைவு. ஆய்வகத்தின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முதல் பாதி இரவிலேயே நோய் உறுதியானால், மறுபாதியில் சிபாப் மாட்டி எவ்வளவு அழுத்தம் தேவை என்பதையும் அங்கேயே கண்டுவிடலாம். வீட்டுப் பரிசோதனை வழியில் போகிறவர்களுக்கு, 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரையிலான எல்லைக்குள் அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ சிபாப் கருவி அந்த வேலையைச் செய்கிறது.

பரிசோதனைக் கருவியை கூரியரில் அனுப்புவதற்கும், தொழில்நுட்பர் வீட்டுக்கு வந்து மாட்டிவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவில் மூக்குக் குழாய் நழுவினால் அந்த இரவு வீண். குறைந்தது நான்கு மணி நேரமாவது தெளிவான பதிவு வேண்டும். அறிக்கையைக் கணினி மட்டும் தயாரித்ததா, பயிற்சி பெற்ற ஒருவர் பதிவைப் பார்த்துத் திருத்தினாரா என்றும் கேளுங்கள்.

ஒரே விலையில் எல்லாம்

கருவி விற்பவரே பரிசோதனையையும் ஆலோசனையையும் ஏற்பாடு செய்வது வசதிதான். ஆனால் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்பவரின் வருமானம், இருக்கிறது என்று சொல்வதைப் பொறுத்திருக்கக் கூடாது. நாலு வழியில் நான் ஒதுக்குவது இதைத்தான். வேறு வழியே இல்லாமல் இதில் இறங்கினால், மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் என்ன, கருவி வாங்காவிட்டாலும் முழு அறிக்கை என் கைக்கு வருமா, சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

பழைய சிபாப் கருவி குறைந்த விலைக்கு வருகிறது என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் ஒலி குறைக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுக் காற்றில் கலக்கக்கூடும் என்பதால் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கைமாறி வரும் கருவி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வரிசை எண்ணைக் கொண்டு சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வந்தன. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே ஆலோசனை தர வேண்டும், மருந்துச்சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று மருத்துவர் கருதினால் எந்தக் கட்டத்திலும் அப்படிச் சொல்லலாம். ‘நேரில் வாருங்கள்’ என்று சொல்லும் மருத்துவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, அவரை நம்புங்கள். தூக்கம் வரவில்லை என்று சொல்லி வீடியோவில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சுத்தடையைக் கூட்டும் மாத்திரைகள் அவற்றில் உண்டு.

கருவி வந்த பிறகு

சிபாப் என்பது 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சலிவன் குழு அறிமுகப்படுத்திய முறை. மாஸ்க் வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றை அனுப்பி, மூச்சுப்பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். முறை எளியது, தினமும் மாட்டிக்கொண்டு தூங்குவதுதான் கடினம். வாங்கியவர்களில் கணிசமானோர் தொடக்க வாரங்களிலேயே கைவிடுகிறார்கள். எப்போது உதவி தேவையோ அப்போது மருத்துவமனை பல மைல் தள்ளி இருக்கிறது. இந்த இடத்தில்தான் வீடியோ வெல்கிறது.

ஊகமாகச் சொல்லவில்லை. தெற்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பு நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்கள் இரவுக்குச் சராசரி 3.8 மணி நேரம் கருவியைப் பயன்படுத்தினார்கள். கருவியின் தகவலைத் தொலைவிலிருந்து கவனித்து, உடனுக்குடன் செய்தி அனுப்பி, இணையவழிப் பாடமும் கொடுத்தபோது அது 4.8 மணி நேரமானது. பாடம் மட்டும் பெற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. வீடியோக்களை அனுப்பிவிட்டு ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது போதாது; யாரோ ஒருவர் உங்கள் நேற்றைய இரவை இன்று கவனிக்க வேண்டும்.

அத்தான் வீட்டில் நடந்தது இது. இரவில் குழாயில் தண்ணீர் களகளவென்று சத்தம் போடுகிறது, முகத்தில் தெறிக்கிறது, பயமாக இருக்கிறது என்று அக்கா சொன்னார். மருத்துவருடன் இருந்த தொழில்நுட்பர், செல்பேசியைக் கட்டில் பக்கம் திருப்பச் சொன்னார். பிளக் எட்ட வேண்டும் என்பதற்காகக் கருவியைத் தலைக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்திருந்தார்கள். ஈரப்பதக் கிண்ணத்திலிருந்து வந்த நீராவி குழாயில் குளிர்ந்து நீராகி, கீழ்நோக்கி மாஸ்க்குக்குள் இறங்கியிருக்கிறது. கருவியை மெத்தையைவிடத் தாழ்வான ஸ்டூலில் வைத்து, ஈரப்பத அளவை ஒரு படி குறைத்ததும் தொல்லை நின்றது. இதையே நேரில் கேட்டிருந்தால், தண்ணீர் வருகிறது என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் அலமாரியைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எண்களைப் பார்த்துச் சொல்லும் வேலைக்கும் தொலைவு ஒரு தடை இல்லை. எத்தனை மணி நேரம் மாட்டினார், மிச்சமிருக்கும் ஏஹெச்ஐ 5க்குக் கீழே இறங்கியதா, காற்றுக் கசிவு எவ்வளவு ஆகிய மூன்றும் கருவியிலேயே பதிவாகின்றன. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் கசிந்தால் மாஸ்க்கைக் கவனிக்க வேண்டும். சில கருவிகள் தகவலைத் தாமே அனுப்பும், சில செயலி வழியாக, சிலவற்றில் நினைவக அட்டை மட்டும். வாங்கும் முன், விற்பனையாளர் துணை இல்லாமலேயே தகவல் உங்கள் மருத்துவருக்குப் போகுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விலை வேறுபாட்டைவிட இது முக்கியம்.

முதல் மாஸ்க்கை மட்டும் நேரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உட்கார்ந்த நிலையில் சரியாகப் பொருந்துவது, படுத்துக் காற்றைத் திறந்ததும் விலகும். அடர்ந்த மீசை இருந்தால் விளிம்பில் கசியும். மூக்குத் துவாரத்தோடு மட்டும் பொருந்தும் சிறிய வகை அவர்களுக்கு ஒத்துவரலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் இன்வெர்ட்டரில் எவ்வளவு நேரம் ஓடும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் பகல் தூக்கம் தொடர்கிறது என்றால், வீடியோவை விட்டுவிட்டு நேரில் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. தூங்கும் நேரமே போதவில்லையா, தைராய்டா, மனச்சோர்வா, வேறு தூக்க நோயா என்று பார்க்க வேண்டும். கருவி காட்டும் தடைகளில், பாதை மூடுவதால் அல்லாமல் மூச்சு விடுவதற்கான தூண்டுதலே நிற்பதால் வருபவை அதிகமானாலும் அப்படித்தான். தாடையை முன்னே தள்ளும் பல் சாதனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பல் மருத்துவரை நேரில் பார்க்காமல் முடியாது.

என்னிடம் ஒருவர் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். வேறு நோயில்லாத, ஐம்பதைத் தொடும் கடைக்காரர் என்றால்: வீடியோவில் முதல் பேச்சு, உள்ளூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை, தொழில்நுட்பர் வந்து மாட்டும் வீட்டுப் பரிசோதனை, பிறகு வீடியோவிலேயே தொடர்ச்சி. இதய நோய் உள்ள பெரியவர் என்றால் நேரே ஆய்வகம். சிகிச்சை நிலைபெற்ற பிறகு வீடியோ. லாரி, பஸ், வேன் ஓட்டுபவர் என்றால் எது முதலில் கிடைக்கிறதோ அது. இந்த வாரம் வீடியோ கிடைத்து, அடுத்த மாதம்தான் ஆய்வகம் கிடைக்கும் என்றால் இந்த வாரமே வீடியோவில் தொடங்குங்கள். சிகிச்சை பலன் தந்து, மருத்துவர் சொல்லும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. முதலாளியிடம் அதைச் சொல்லத் தயங்குகிறார் என்றால், மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.